விதி எழுதுவதற்கு முன் ஒழுங்கைக்குள் நடந்து பாருங்கள்: கொள்கை வகுக்கப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பின்னேரம் ஐந்து மணியளவில் யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஏதாவதொன்றுக்குள் நடந்து பாருங்கள். எங்காவது ஒரு வளவின் மூலையில் புகை எழும்பிக்கொண்டிருக்கும். மாவிலைக் கஞ்சலோடு சொப்பிங் பைகளும் சேர்ந்து எரிகிற மணம் வேலி கடந்து அடுத்த வீட்டு அறைக்குள் போகும். அங்கே சளி பிடித்த குழந்தை ஒன்று படுத்திருக்கும்.

இதை நிறுத்த ஓர் உள்ளூராட்சி சபை என்ன செய்யும்? தீர்மானம் நிறைவேற்றும். தரம் பிரிக்காத குப்பையை எடுக்கமாட்டோம், எரிப்பவர்களுக்குத் தண்டம் என்று ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ இரண்டு நாள் ஊரைச் சுற்றும். அப்படியொரு தீர்மானத்தை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். மேசையில் இருந்தபடியே எழுதினோம். மூன்று மாதத்தில் அது செத்துப்போனது; புகை மட்டும் நிற்கவில்லை. பிறகு தொடக்கத்துக்கே திரும்பிப் போய் வேறு விதமாகச் செய்தோம். அந்த இரண்டாம் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பிரதேச செயலகத்தில் புதிதாகச் சேர்ந்த அபிவிருத்தி உத்தியோகத்தர், முதல் தடவையாகச் சபைக்குத் தெரிவான உறுப்பினர், சனசமூக நிலையத்தில் ஏதாவது செய்ய நினைக்கிற இளையவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

இந்த முறைக்கு வடிவமைப்புச் சிந்தனை என்று பெயர். பெயர்தான் பெரிது. நல்ல தையற்காரர் அளவெடுப்பார், நூலோட்டிப் போட்டுப் பார்க்கச் சொல்லுவார், பிடிக்கிற இடத்தைத் தளர்த்துவார், அதற்குப் பிறகுதான் மெஷினில் ஏற்றுவார். விதியையும் அப்படித் தைக்கலாம் என்பதுதான் விஷயம். அதோடு கைகோத்து வருவது திறந்த முறை. முடிவுக்கு ஆதாரமான தகவலும் வரைவும் காரணமும் சம்பந்தப்பட்ட சனத்தின் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும், அவர்களுடைய கையும் அதில் பட வேண்டும்.

டென்மார்க் அரசு 2002இல் மைண்ட்லாப் என்ற கூடத்தை இதற்கென்றே தொடங்கி 2018 வரை நடத்தியது. பிரித்தானியா 2012இல் தன் அரச சேவைச் சீர்திருத்தத் திட்டத்தில் திறந்த முறைக் கொள்கை வகுப்பே வழமையாக வேண்டும் என்று எழுதியது. 2014இல் அங்கே அமைச்சரவை அலுவலகத்துக்குள் பொலிசி லாப் என்ற அதே மாதிரியான கூடம் வந்தது. இலங்கையிலும் 2018இல் சிட்ரா என்ற சமூகப் புத்தாக்கக் கூடம் தொடங்கப்பட்டது. ஆனால் இதெல்லாம் வெளியில் இருந்து வந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். கேரளத்தில் 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது ஊர்ச் சபைகளில் இருந்துதான் திட்டங்களை எழுதினார்கள். அது கடல் கடந்தால் கிட்டத்தில் இருக்கிற இடம்.

படி 1: பிரச்சினை யாருடைய மேசையில் இருக்கிறது என்று பாருங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் இருக்கின்றன. அதோடு 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உண்டு. குப்பை சபையின் வேலை. அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவுக்கான விண்ணப்பம் பிரதேச செயலகம் வழியாக மத்திய அரசுக்குப் போகிறது. வெள்ள வாய்க்கால் என்றால் வீதியைப் பார்க்க வேண்டும்: ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை, சீ, டீ தரம் மாகாணத்துடையது, உள்ளூர் வீதி சபையுடையது. ஒரே மழைத்தண்ணீர் மூன்று அலுவலகங்களின் எல்லையைத் தாண்டி ஓடும். எந்தக் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது என்பதை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பிறகு கேள்வியைத் திருத்துங்கள். எங்கள் முதல் கேள்வி "சனம் ஏன் குப்பையைப் பிரித்துத் தருவதில்லை?" என்பது. அதற்குள்ளேயே குற்றவாளியைப் பிடித்துவிட்டோம். இரண்டாம் முறை இப்படி மாற்றினோம்: "ஒரு வீட்டின் குப்பை அடுப்படியில் இருந்து எங்கள் வண்டி மட்டும் எப்படி வருகிறது, எங்கே நின்றுபோகிறது?" இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஆள் எழும்பி நடந்தே ஆக வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மேலிடத்தில் ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயத்துக்குக் கலர்த் தாள் ஒட்டிக் கலந்துரையாடல் நடத்தாதீர்கள். காணி விடுவிப்பு மாதிரி அரசியல் முடிவு தேவைப்படுகிற கோரிக்கையைப் பயிலரங்கமாக மாற்றாதீர்கள். அது சனத்தின் நேரத்தையும் நம்பிக்கையையும் களவெடுக்கிற வேலை.

படி 2: இருக்கிற கடதாசிகளைத் திரட்டுங்கள்

முறைப்பாட்டுப் புத்தகம், வண்டியின் ஓட்டப் பதிவு, எரிபொருள் கணக்கு, பழைய கூட்ட அறிக்கைகள். இரண்டு நாள் வேலை. நீங்கள் அலுவலகத்துக்கு வெளியில் இருப்பவர் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2015இன் 19ஆவது திருத்தம் இந்த உரிமையை அரசியலமைப்புக்குள் கொண்டுவந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்துக்குள் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "குப்பை பற்றிய எல்லா விவரமும் தருக" என்று கேட்டால் ஒன்றும் வராது. "கடந்த ஆண்டு கார்த்திகை மாதம் இன்ன வட்டாரத்தில் வண்டி ஓடிய நாட்களும் நேரங்களும்" என்று கேளுங்கள்.

படி 3: போய் நின்று பாருங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் அவசரப்படுத்தினாலும் இதை அவசரப்படுத்தாதீர்கள்.

முதலில் ஒரு கவலை. போருக்குப் பிறகு எங்கள் ஊர்களுக்கு எத்தனை பேர் படிவத்தோடு வந்து போனார்கள்? பெயர், குடும்ப அட்டை, இழந்தது என்ன, வருமானம் என்ன என்று கேட்டு எழுதினார்கள். திரும்பி வந்து என்ன நடந்தது என்று சொன்னவர்கள் சிலர்தான். அதனால் படலையைத் திறக்கும்போதே ஒரு களைப்பு முகத்தில் தெரியும். அதை மதியுங்கள். எதற்காக வந்தேன், இதனால் என்ன கிடைக்கலாம், என்ன கிடைக்காது, எந்தத் திகதியில் திரும்பி வந்து சொல்வேன் என்று நாலு வசனத்தில் சொல்லுங்கள். சொன்ன திகதியில் போங்கள், சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் போங்கள்.

விதானையாரோடு, அதாவது கிராம அலுவலரோடு, போகாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவருக்கு முன்னால் சனம் உத்தியோகத்துக்கு ஏற்ற பதிலைத்தான் சொல்லும். கையில் கோப்பும் வேண்டாம், ஒரு கொப்பியும் பேனையும் போதும். காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற நேரத்திலும், பின்னேரம் பிள்ளைகளை டியூசனுக்கு ஏற்றி இறக்குகிற நேரத்திலும் போனால் ஒருவரும் அமைதியாகக் கதைக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை கோயில். கடற்கரை ஊர் என்றால் வள்ளம் கரைக்கு வந்து மீன் விற்று முடிந்த பிறகு.

ஆறேழு வீடுகள் போதும், ஆனால் அவை வித்தியாசமான வீடுகளாக இருக்க வேண்டும். தனியாக இருக்கும் மூத்தவர், கைக்குழந்தை உள்ள வீடு, வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கப் பூட்டிக் கிடக்கும் வளவுக்குப் பக்கத்து வீடு. கேட்கும்போது "வழக்கமாக என்ன செய்வீர்கள்?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் வழக்கமாக நல்லதைத்தான் செய்வார்கள். "நேற்றுச் சமைத்த பிறகு மிஞ்சினதை எங்கே போட்டீர்கள்? காட்டுவீர்களா?" என்று கேளுங்கள். படம் எடுப்பதென்றால் அனுமதி கேளுங்கள். முகம் தேவையில்லை.

எங்களுக்கு விடிந்தது கடைசி வீட்டில்தான். எழுபது தாண்டிய அம்மா ஒருவர் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் குப்பை பற்றிக் கேட்டதும் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு ஒழுங்கையின் முடக்கைக் காட்டினார்.

"உங்கட உழவு இயந்திரம் இதுக்குள்ள வராது தம்பி. அங்கை முகப்பில நிண்டு மணி அடிச்சுப்போட்டுப் போயிடும். இந்தச் சாக்கை நான் எப்பிடி அவ்வளவு தூரம் இழுக்கிறது? முதல் நாள் இரவே கொண்டுபோய் வச்சால் நாய் கிழிச்சுப்போடும். பிறகு முகப்பு வீட்டுக்காரர் என்னோட சண்டை. எரிச்சால் ஒருத்தரோடையும் கதை இல்லை."

நாங்கள் சாக்கைத் தூக்கிப் பார்த்தோம். பாரத்தில் பெரும்பங்கு கஞ்சல். அதை எடுத்துவிட்டால் கொஞ்சம் பிளாஸ்டிக்கும், படுக்கையில் இருக்கும் கணவருக்குக் கட்டும் பம்பர்ஸும்தான் மிச்சம். எரியாத, தாட்கவும் மனம் வராத அந்தப் பொருளைப் பற்றி எங்கள் தீர்மானத்தில் ஒரு சொல்கூட இருக்கவில்லை.

அடுத்தது, குப்பை எடுக்கிற தொழிலாளர்களோடு ஒரு முழுக் காலை நடந்து பாருங்கள். எங்களில் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். எந்த வீட்டில் கண்ணாடித் துண்டைச் சுற்றாமல் போடுவார்கள், எங்கே வண்டி திரும்ப இடமில்லை, எங்கே தண்ணீர் கேட்டால் தரமாட்டார்கள் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். சாதி இன்னும் கதிரையின் இடத்தைத் தீர்மானிக்கிற மண் இது. அவர்களிடம் கேட்காமல் எழுதிய குப்பைக் கொள்கை அநியாயமானது, அதோடு பாதி தகவலில் எழுதியதும்கூட.

படி 4: கேட்டதை ஒரே சுவரில் ஒட்டுங்கள்

ஒரு தாளில் ஒரு விஷயம் மட்டும். சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள்; "போக்குவரத்துச் சிரமம்" என்று அலுவலகத் தமிழுக்கு மாற்றினால் நாயும் முகப்பு வீட்டுச் சண்டையும் காணாமல் போய்விடும். பிறகு குப்பையின் பயணத்தை இடமிருந்து வலமாக ஒழுங்குபடுத்துங்கள்: அடுப்படி, முற்றம், படலை, ஒழுங்கை, முகப்பு, வண்டி. தாள்கள் குவிகிற இடம் தெரியும். எங்களுக்குப் படலைக்கும் முகப்புக்கும் நடுவில்தான் குவிந்தது. தரம் பிரிக்கிற விழிப்புணர்வுக்கு என்று ஒதுக்கிய காசெல்லாம் அடுப்படியில் செலவாகியிருந்தது.

படி 5: சேர்ந்து இருந்து யோசியுங்கள்

மேசைக்குப் பின்னால் அதிகாரிகள், வரவேற்புரை, பொன்னாடை, பின்வரிசையில் பெண்கள் என்று நடக்கும் ஆலோசனைக் கூட்டத்தில் மூன்று பேர்தான் கதைப்பார்கள். அவர்களுடைய கருத்து உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதற்குப் பதிலாகச் சனசமூக நிலையத்தில் பாயை விரித்து ஐந்தைந்து பேராக இருத்துங்கள். தவிசாளரும் ஒரு பாயில் இருக்கட்டும். மாதர் சங்கத்தோடு தனியாக ஒரு தடவை இருங்கள். தொழிலாளர்களுக்கு அந்த நேரம் வேலை நேரமாகவே கணக்கில் வர வேண்டும். சம்பளம் இழந்து வந்து ஆலோசனை சொல்லச் சொல்வது சரியில்லை.

முதல் அரை மணி நேரம் "இது சரிவராது" என்ற சொல்லுக்குத் தடை. எங்கள் கூட்டத்தில் நல்ல யோசனை தந்தது ஒரு தொழிலாளி: "படலையில ஒரு கொழுக்கி அடிச்சுச் சின்னப் பையைக் கொழுவினால் நாய்க்கும் எட்டாது, நானும் குனியத் தேவையில்லை." அங்கிருந்து மற்றவை வந்தன. பெரிய உழவு இயந்திரத்துக்குப் பதில் ஒழுங்கைக்குள் லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லுச் சின்ன உழவு இயந்திரம். கஞ்சலைச் சாக்கில் கட்டாமல் தென்னை அடியில் தாட்பது. பம்பர்ஸுக்கு வேறு நிறப் பை.

வர முடியாதவர்களின் கருத்தை எடுக்கத் தாய்வான் முறை ஒன்று இருக்கிறது. 2015இல் ஊபர் டாக்சி பற்றிய விதிகளை வகுக்கும்போது போலிஸ் (Pol.is) என்ற இணைய மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். ஒருவர் ஒரு கூற்றை எழுதுவார். மற்றவர்கள் உடன்பாடு, இல்லை, தெரியாது என்று மட்டும் சொல்லலாம். பதில் எழுத இடமில்லை, அதனால் சண்டை பிடிக்கவும் இடமில்லை. மாறுபட்ட குழுக்கள் எந்தக் கூற்றில் ஒன்றுபடுகின்றன என்று மென்பொருள் காட்டும். நாங்கள் அதைப் போத்தல்களில் செய்தோம். நிலைய வாசலில் ஒவ்வொரு கூற்றுக்கும் கீழே மூன்று போத்தல், ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. வாசிக்க முடியாதவர்களுக்கு வாசித்துச் சொல்ல ஒரு பிள்ளை. போத்தலில் குழுக்களைப் பிரித்துப் பார்க்க முடியாதுதான். ஆனாலும் வைபர் குழுவில் நாளெல்லாம் எழுதுகிற பத்துப் பேரின் சத்தத்தை விட அந்தக் கொட்டைகள் நேர்மையாக இருந்தன.

படி 6: ஒரே ஒழுங்கையில், இரண்டு கிழமை, செலவில்லாமல்

முன்மாதிரி என்றால் புதிய வாகனம் வாங்குவது என்று நினைக்க வேண்டாம். 23 வீடுகள் உள்ள ஒரு ஒழுங்கையைத் தெரிந்தோம். லான்ட்மாஸ்டரைக் கமக்காரர் அமைப்பு ஒன்றிடம் இரவலாக எடுத்தோம். கொழுக்கியாக வளைத்த ஆணி. தொடங்குவதற்கு முன் ஒரு கிழமை, தினமும் பின்னேரம் எத்தனை வளவில் புகை எழும்புகிறது என்று எண்ணி எழுதினோம். இந்த முதல் எண்ணிக்கையை விட்டுவிட்டால், பிறகு நல்லது நடந்ததா என்று ஒருவருக்கும் காட்ட முடியாது.

முதல் கிழமை சரிவரவில்லை. காலை ஆறரைக்கு வண்டி போனது. அது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துகிற நேரம். பைகள் படலைக்கு வரவே இல்லை. நேரத்தை எட்டரைக்கு மாற்றி, வேலைக்குப் போகிறவர்கள் போகும்போதே கொழுவிவிட்டுப் போகலாம் என்றோம். இரண்டாம் கிழமை புகை குறைந்தது. அற்றுப்போகவில்லை: பூட்டிக் கிடந்த வளவில் வெளியார் கொண்டுவந்து கொட்டுவது தொடர்ந்தது. அதற்கு வேறு வழி தேட வேண்டும் என்று தனியாக எழுதி வைத்தோம்.

காலம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் எதையும் பரீட்சிக்காதீர்கள். ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் அந்தச் சுற்றாடலில் வழமையான நாட்கள் இல்லை. அடுத்த ஆண்டுப் பாதீடு வருட முடிவுக்குள் நிறைவேற வேண்டும் என்பதால் வைகாசி, ஆனியில் செய்து முடித்தால் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நிதி கேட்கலாம்.

படி 7: வரைவையும் காரணங்களையும் வெளியில் வையுங்கள்

பிரதேச சபைகளின் உபவிதி 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வர வேண்டும். அந்த மொழி சட்ட மொழி, அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் வர்த்தமானிக்குப் போவதற்கு முன்பே ஒரு பக்கத்தில் பேச்சுத் தமிழுக்குக் கிட்டிய தமிழில் எழுதிச் சனசமூக நிலையம், கூட்டுறவுக் கடை, கோயில் மடம் ஆகிய இடங்களில் ஒட்டுங்கள். அதில் மூன்று பகுதி இருக்கட்டும்: நீங்கள் சொன்னது, நாங்கள் எடுத்தது, எடுக்காதது ஏன். மூன்றாவதை எழுதத்தான் எல்லோருக்கும் தயக்கம். "தினமும் வண்டி வேண்டும் என்று கேட்டீர்கள். ஓட்டுநர் போதாது, அதனால் கிழமைக்கு இரண்டு நாள்" என்று நேராக எழுதியபோது எங்களோடு ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. ஒட்டுவதற்கு முன் அந்தத் தாளை அலுவலகத்துக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்குகிற இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

படி 8: இடமாற்றத்துக்கு முன் கையளியுங்கள்

எங்கள் சேவையில் நல்ல வேலைகள் இடமாற்றக் கடிதத்தோடு நின்றுபோவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். அதனால் பரீட்சித்ததைக் கூட்ட அறிக்கையில் ஏற்றுங்கள், பாதீட்டில் ஒரு வரியாக்குங்கள், வண்டி ஓட்டுநரின் நேர அட்டவணையில் எழுதுங்கள். அடுத்து வருபவருக்கு ஒரு கொப்பி விட்டுப் போங்கள். எந்த வீட்டில் எந்தத் திகதியில் திரும்பி வருவதாகச் சொன்னோம் என்பது முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் இருந்த கடைசி வரி: "பூட்டிய வளவு. உரிமையாளர் கனடாவில். முகப்பு வீட்டுக்காரரிடம் தொலைபேசி இலக்கம் இருக்கிறது, பங்குனிக்குள் கதைத்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்."